கடலுக்கு எத்தனை தூரம்?



சென்னையிலிருந்து ஜகார்த்தாவுக்கு நேர்கோடு போட்டால் ஏறத்தாழ 3,600 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் எங்கும் நிற்காமல் பறந்தால் நாலேகால் மணி நேரம். ஏறி இறங்குவதையும் சேர்த்தால், காலைப் பலகாரம் இங்கே, மதியச் சாப்பாடு அங்கே.

நானூறு ஆண்டுகளுக்கு முன் இதே வழியில் போனவர்கள் சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டிலிருந்து கிளம்பினார்கள். சென்னைப் பட்டணம் அப்போது பிறக்கவே இல்லை. 1613-இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1619-இல் ஜாவாவில் பத்தாவியா நகரை நிறுவினார்கள். இன்றைய ஜகார்த்தா அதுதான். இங்கிருந்து துணி போனது, அந்தத் துணியைக் கொடுத்து சாதிக்காயும் கிராம்பும் வாங்கினார்கள். மலேசியாவில் இன்றும் கைலிக்கு ‘காயின் பெலிக்கட்’ என்று பெயர். அந்தப் பெலிக்கட், நம் புலிகாட், பழவேற்காடு!

துணி மூட்டைகளோடு மனிதர்களையும் ஏற்றினார்கள். பஞ்சத்தில் விலைபோய் அடிமைகளாகக் கடல் கடந்தவர்களை நினைக்காமல் இந்தத் தூரத்தை என்னால் சொல்ல முடியவில்லை. பாய்மரக் கப்பலுக்கு அது வாரக்கணக்கான பயணம். காற்று திரும்பும்வரை காத்திருந்த நாட்கள் தனி.

அந்தக் கப்பல்களும் பழவேற்காட்டுக் கரையைத் தொட்டதில்லை. கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கெல்லாம் படகில்தான் போகும். பழவேற்காட்டு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் திட்டு. அந்த மணல் நம் காலம்வரை அங்கேதான் இருந்தது.

மழைக்காலத்தில் ஆரணியாற்று வெள்ளம் ஏரிக்குள் இறங்கி, முகத்துவாரத்தை அறுத்துக்கொண்டு கடலுக்கு ஓடும். கோடை வந்ததும் தெற்கிலிருந்து வரும் அலை மணலை வாரிக்கொண்டு வந்து கொட்டும். வாய் குறுகும், சில ஆண்டுகளில் அடைந்தே போகும். அடைந்துவிட்டால் கோட்டைக்குப்பம், கூனங்குப்பம் போன்ற மீனவ ஊர்களிலிருந்து கடலுக்குப் போகிற படகு மணலில் தட்டும். கண்ணெதிரே கடல் இருக்கும், போக வழி இருக்காது.

படகோடு போவதில்லை இந்தச் சங்கடம். இறால் குஞ்சு கடலில் பிறந்து, இந்த வாய் வழியாக ஏரிக்குள் வந்துதான் வளர்கிறது. ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்பதைக் குப்பத்தார் தங்களுக்குள் முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் ‘பாடு’ என்று பெயர். எத்தனையோ தலைமுறையாக நடக்கும் நியாயமான ஏற்பாடு அது. வாய் அடைத்த பருவத்தில் பாடு வந்தவனுக்கு முறை மட்டும் கிடைக்கும், இறால் கிடைக்காது.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. 2023 ஜூலை 14 அன்று அங்கிருந்து கிளம்பிய ராக்கெட், சந்திரயான்-3 விண்கலத்தைப் பதினாறு நிமிடத்தில் புவியின் சுற்றுப்பாதையில் விட்டது. ராக்கெட் கிளம்பும் நாட்களில் மீனவர்கள் அந்தக் கடற்பகுதிக்குப் போகக்கூடாது. அது ஒரு பக்கம். முகத்துவாரத்தின் இருபுறமும் கல்சுவர் எழுப்பி, எந்நாளும் திறந்திருக்கச் செய்யுங்கள் என்பதுதான் அவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தது.

வாய் தூர்ந்த கோடைகளில் அங்கே போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். ஆட்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, படகைத் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். அலைச் சத்தம் பக்கத்திலேயே கேட்கும்.