ஒரு வெள்ளி சிகிச்சைக்கு அப்பால்

பினாங்குப் பொது மருத்துவமனையில் மலேசியக் குடிமக்கள் வெளிநோயாளியாக 1 வெள்ளிக்கும், நிபுணரிடம் 5 வெள்ளிக்கும் சிகிச்சை பெறுகிறார்கள். அதே ஜார்ஜ் டவுனின் தனியார் மருத்துவமனைகளுக்கோ மேடானிலிருந்து விமானமேறி நோயாளிகள் வருகிறார்கள்.

இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவர் யார்? சொந்தமாகச் சிறு தொழில் செய்பவர். இளமையில் எடுத்த காப்புறுதியின் சந்தா வயதோடு ஏறுகிறது. 2024இல் அந்த ஏற்றம் மிகவே, அதைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்து வசூலிக்கும்படி பேங்க் நெகாரா சொன்னது. கட்ட முடியாமல் விட்டவருக்கு, நோய் வந்த பிறகு புதுக் காப்புறுதி கிடைப்பது அரிது.

அரசு மருத்துவமனை இருக்கிறதே என்பீர்கள். கட்டணம் குறைவுதான், ஆனால் இருதயத்தில் வைக்கும் ஸ்டென்ட், செயற்கை மூட்டு போன்றவற்றுக்குத் தனியே பணம் கட்ட நேரிடும். இங்கேதான் 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம் கைகொடுக்கிறது. எஸ்.டி.ஆர். உதவித் தொகை பெறுபவர்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. கருவிகளுக்கு 20,000 வெள்ளி வரை உதவியும் உண்டு. தனியாகப் பதிய வேண்டாம்; அடையாள அட்டை போதும்.

சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வலிக்காமலே வளர்பவை. வலி வரட்டும் என்று காத்திராமல், திட்டத்தில் சேர்ந்துள்ள கிளினிக்கில் இந்த வாரமே கேட்டுப் பாருங்கள்.