சொல்லே படைக்கலமாக: ஜப்பானின் வட்டார வீரர்கள்



ஜப்பானியத் தொலைக்காட்சியின் முகமூடி வீரர்கள் உலகத்தைக் காப்பவர்கள். அந்நாட்டிலேயே தன் ஊரை மட்டும் காக்கும் வீரர்களும் உண்டு. 'கோதோச்சி ஹீரோ', அதாவது 'இவ்வூர் வீரன்' என்பது அவர்களுக்கு வழங்கும் பெயர். திருவிழாக்களிலும் கடைத்தெரு மேடைகளிலும் தோன்றும் இவர்களைச் சிறுவர் விளையாட்டென ஒதுக்க என்னால் இயலவில்லை. இவர்கள் ஏந்தும் படைக்கலம் பெரும்பாலும் ஒரு வட்டாரச் சொல்லாக இருப்பதே காரணம்.

வடக்கே அகிதா மாநிலத்தில் 2005-இல் தோன்றியவன் 'நெய்கா'. அங்கு ஓகா தீபகற்பத்தில், ஆண்டின் இறுதி இரவில், 'நமாஹகே' எனும் பூத வேடமிட்டோர் வைக்கோலாடை அணிந்து வீடுவீடாகச் சென்று, 'அழும் பிள்ளை உண்டா?' என்று அதட்டுவர். 2018-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்ற வழக்கம் இது. அந்த அதட்டலின் வட்டார ஒலியே வீரனின் பெயராயிற்று. இயல்பில் அவன் ஓர் உழவன். அவனது வாள், சோற்றை இடித்துக் குச்சியில் பற்றவைத்துச் சுடும் 'கிரிதான்போ' உணவின் வடிவம். துப்பாக்கியோ ஹதஹதா மீனின் முட்டைத் திரளால் பெயர் பெற்றது. அந்த மீன் அருகிப்போனதால் 1992 முதல் மூன்றாண்டுகள் அகிதா மீனவர்கள் அதனைப் பிடிப்பதையே நிறுத்தி வைத்தனர். 2017-இல் மாநிலத்தின் மக்கள்தொகை பத்து இலட்சத்திற்குக் கீழே இறங்கியது. முதியோர் விகிதம் நாட்டிலேயே அங்குதான் மிகுதி. எது கைநழுவுகிறதோ, அதுவே வீரனின் கையில் ஆயுதமாகிறது.

தெற்கே ஒகினாவாவில் 2008-இல் தொலைக்காட்சிக்கு வந்தவன் 'மபுயா'. 'மபுய்' என்பது அத்தீவினரின் மொழியில் உயிர், ஆன்மா. ஹபு எனும் நச்சுப்பாம்பின் உருக்கொண்ட தலைவனின் கூட்டம், தீவின் ஆன்மா உறையும் ஒன்பது கற்களைக் கவர்கிறது. ஒரு கல் பறிபோனால், அது தாங்கிய பண்பை மக்கள் மறந்துவிடுகின்றனர். கற்களுள் ஒன்று எய்சா நடனம், ஒன்று 'உயிரே செல்வம்' எனும் முதுமொழி, ஒன்று தாய்மொழி.

இங்கே கதை வரலாற்றைத் தொடுகிறது. ஒருகாலத்தில் ஒகினாவாப் பள்ளிகளில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் தண்டனைப் பலகை தொங்கவிடப்பட்டது. அடுத்து ஒரு பிள்ளை அகப்படும்வரை அது இறங்காது. 2009-இல் யுனெஸ்கோ அம்மொழியை அழியும் நிலையிலுள்ளதாகக் குறித்தது. கதையில் மொழியைத் திருடியது பாம்பு; வரலாற்றில் திருடியது பள்ளிக்கூடம். மாணவியரின் ஊர்ச்சொற்களைப் பிழையென்று சிவப்பு மையால் அடித்த கை என்னுடையது. ஆதலின் இதனை எளிதில் கடந்து செல்ல என்னால் முடியவில்லை.

முகமூடியணிந்த ஒருவன் மொழியைக் காத்துவிடுவானா என்று நீங்கள் வினவலாம். காத்துவிடான். பிள்ளைகள் அவனிடம் கற்பது சில சொற்களையே, இலக்கணத்தை அன்று. பொம்மை வணிகமும் சுற்றுலாவும் அவனோடு சேர்ந்தே வருகின்றன. எனினும், பாட்டியின் வாயில் நாணத்திற்குரியதாய் இருந்த சொல்லை, பேரன் வீரமுழக்கமாய் உரக்கக் கூவுகிறான். நாணம் அகன்ற பின்னரே கற்றல் தொடங்கும்.

கவிஞர்களே, பட்டியலில் ஏறிய சொல் பாதுகாக்கப்படுகிறது; பிள்ளை கூவும் சொல்லே வாழ்கிறது. இந்த வேறுபாட்டை உங்கள் சிந்தனைக்கு வைத்து அமைகிறேன்.