சவுக்குப் பலகையில் ஒரு கைப்பெட்டி



மலையகத்தில் பெட்டி என்றதும் மூத்தவர்களுக்கு ஞாபகம் வருவது றங்குப் பெட்டிதான். 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவானது. தலைமன்னாருக்குக் கோச்சி ஏறிய குடும்பங்கள் பல, தங்கள் சொத்து முழுவதையும் அந்தத் தகரப் பெட்டிக்குள்தான் அடக்கின. அதைப் பேச இந்த நேரம் போதாது. இன்று நான் சொல்லப்போவது ஒரு மரப்பெட்டி பற்றி: கைப்பிடியும் பூட்டும் வைத்து, ஓர் ஆசிரியர் புத்தகமும் கொப்பியும் வைத்துக் கொண்டுபோகக்கூடிய கைப்பெட்டி. வீட்டு முற்றத்திலேயே செய்யலாம்.

செய்முறைக்கு முன், தேயிலைப் பெட்டியைக் கொஞ்சம் கவனிப்போம். மெல்லிய ஒட்டுப்பலகை, மூலைகளில் சட்டம், விளிம்பில் தகரப் பட்டி, உள்ளே ஈயத்தாள், பிற்காலத்தில் அலுமினியத்தாள். அவ்வளவுதான். காகிதப் பைகள் வந்து ஒதுக்கும்வரை நம் தேயிலை அதில்தான் கப்பலேறியது. இங்கிலாந்தில் வீடு மாறுகிறவர்கள் பீங்கான் கோப்பைகளை அதில் அடுக்கினார்கள். 1950களின் கடைசியில் லிவர்பூல் பையன்கள் சிலர் அதில் ஒரு கம்பையும் கயிற்றையும் கட்டி வாத்தியமாக வாசித்தார்கள். ஜோன் லெனனின் முதல் இசைக்குழுவிலும் அந்தத் தேயிலைப் பெட்டி இருந்தது. நம் லயங்களில் அது அரிசிப் பெட்டியாகவும் பிள்ளைகள் எழுதும் மேசையாகவும் உழைத்தது. எனக்கு லெனனைவிட இதுதான் பெரிய விஷயம்.

அந்தப் பெட்டிக்கு ஏன் ஒட்டுப்பலகை? முழுப்பலகை ஈரத்தில் ஊதும், காய்ச்சலில் சுருங்கும்; அதுவும் நார் ஓடும் திசையில் அல்ல, அகலப்பாட்டில். ஒட்டுப்பலகையில் ஒரு தாளின் நார் நீளவாக்கில் போனால், அடுத்ததன் நார் குறுக்கே போகும். ஒன்றை மற்றது இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஹட்டன் மழையில் செய்த பெட்டியை வவுனியா வெயிலுக்குக் கொண்டுபோகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. மூடியையும் அடியையும் அகலமான முழுப்பலகையில் செய்து நாலு பக்கமும் பசை போட்டு இறுக்கினால், காய்ந்ததும் நடுவில் வெடிக்கும். ஆகவே நாலு பக்கச் சுவருக்கு மட்டும் மரம். மூடிக்கும் அடிக்கும் 4 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை.

சுவருக்கு என்ன மரம்? கிரவேலியா, நம் சவுக்கு. அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலிருந்து வந்து, தேயிலைக்கு நிழல் கொடுத்துக்கொண்டு நிற்கிற மரம். அதை விறகென்றே பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் மரத்தின் நடுவிலிருந்து ஆரவாட்டில் அறுத்த பலகையைச் சீவுளி போட்டுப் பாருங்கள்: இளஞ்சிவப்பில் மீன்செதில் மாதிரிப் பளபளக்கும். 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காகச் சிங்கராஜ வனத்தில் மரம் தறித்து, எதிர்ப்பு கிளம்பி 1977இல் நிறுத்தினார்கள். காட்டு மரத்துக்கு அலைய வேண்டியதில்லை; நிழல் மரமே போதும். அதற்காகத் தோட்டத்து மரத்தில் நீங்களாகக் கத்தி வைத்துவிடாதீர்கள், அனுமதி வேண்டும். மரக்காலையில் காய்ந்த பலகையாக வாங்குங்கள்.

அளவு: நீளம் 40 சென்ரிமீற்றர், அகலம் 30, உயரம் 10. சுவர்ப் பலகை 12 மில்லிமீற்றர். இந்தக் கணக்கில் வெறும் பெட்டி ஒன்றரைக் கிலோ அளவில் நிற்கும். மூடியையும் அடியையும் அதே தடிப்பில் போட்டால் ஒரு கிலோவுக்கு மேல் கூடும். மலையில் ஏறி இறங்குகிறவருக்கு அது சின்ன விஷயமல்ல.

இனிப் பெட்டியின் சூட்சுமம். மூடி வேறு, உடல் வேறு என்று செய்து பொருத்தப் பார்த்தால் இரண்டும் ஒருபோதும் சரியாக உட்காராது. நாலு சுவரையும் மூலையில் புறாவால் மூட்டுப் போட்டு, மேலும் கீழும் பலகை ஒட்டி, திறக்கவே வழியில்லாத ஒரு முழுப் பெட்டியாக முதலில் செய்துவிட வேண்டும். பசை நன்றாக இறுகிய பிறகு, சுற்றிவரக் கோடு கீறி, வாளால் அறுத்து இரண்டாக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு மூடி, மிச்சம் உடல். ஒரே பலகையின் ரேகை மூடியிலிருந்து உடலுக்குத் தொடர்ந்து ஓடும். நல்ல தச்சுப் பாஸ்மார் இப்படித்தான் செய்வார்கள்.

இரண்டு எச்சரிக்கை. வாள் தின்னும் அகலம் இரண்டு மூன்று மில்லிமீற்றர் வரும். அந்தக் கோடு எந்த இடத்தில் போகும் என்று மூட்டு வெட்டுவதற்கு முன்பே தீர்மானித்து, அந்த இடத்து வாலை மட்டும் அகலமாக விடுங்கள். இல்லாவிட்டால் அறுத்த பிறகு மூலையில் மெல்லிய சிம்பு ஒன்று நின்று, கை பட்டதும் உடையும். மற்றது, மூன்று பக்கம் அறுத்ததும் அந்த இடைவெளியில் மெல்லிய குச்சிகளைச் செருகிவிட்டு நாலாவதை அறுங்கள். செருகாவிட்டால் பெட்டி அமுங்கி வாளைக் கவ்விக்கொள்ளும்.

கைப்பிடியைத்தான் பலர் கடைசியில் ஏனோதானோ என்று வைக்கிறார்கள். ஐந்து கிலோ புத்தகத்தையும் தாங்குவது அது பொருந்தும் இரண்டு புள்ளிகள்தான். மூடியில் வைக்காதீர்கள், பூட்டு விட்டுப்போனால் மூடி கையில், புத்தகம் சேற்றில். உடல் பகுதியில் வைத்து, உட்புறம் ஒரு கட்டை கொடுத்து, திருகாணிக்குப் பதிலாகப் போல்ட்டும் வாஷரும் போட்டு நட்டை முறுக்குங்கள். பிணைச்சலுக்குப் பித்தளை நல்லது. இரும்பு நம் பனியில் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

வார்னிஷ் பூசுவதைத் தென்மேற்குப் பருவமழைக்குள் இழுத்துவிடாதீர்கள். ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில், வெயில் வந்து பனி விலகிய பகல் ஒன்றில் பூசுங்கள். உட்புறத்தையும் பூச வேண்டும். வெளியை மட்டும் பூசினால் உள்பக்கம் ஈரம் குடித்துப் பலகை வளைந்து, பூட்டு ஒரு பக்கம் விழாமல் நிற்கும்.