மருத்துவத் துறையில் இஞ்சினீயர்கள்

(செம்பாக்கத்தில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நமதூருக்கு அண்மையில், தாம்பரத்தில், டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-இல் க்ஷயரோக ஆரோக்கிய நிலையத்தை ஸ்தாபித்தார். அக்காலத்தில் தூய காற்றும் ஓய்வுமே பிரதான சிகிச்சை. இன்றோ, நோயைக் காட்ட எக்ஸ்ரேயும், மூச்சுத் திணறுவோரைக் காக்க வெண்டிலேட்டரும் உள. அவற்றைச் சமைப்பவரும் பழுது நீக்குபவரும் வைத்தியரல்லர், இஞ்சினீயர்களே.

ஆயினும் நம்மவருட் பலர், நீட் தேர்வில் இடங்கிட்டாத பிள்ளையின் வாழ்வே பாழென்று கலங்குகின்றனர். நிலத்தை அடகு வைப்போரும் உளர். சென்னை ஐ.ஐ.டி. 2023-இல் மருத்துவ விஞ்ஞானமும் பொறியியலும் இணைந்த நான்காண்டுப் பட்டப்படிப்பைத் துவக்கியுள்ளது. அதற்கு நீட் வேண்டுவதில்லை. ஐசர் நுழைவுத் தேர்வே வாயில்.

ஆகவே, நம் சங்கக் கல்வி நிதி வைத்திய மாணவர்க்கு மட்டுமன்றி, இத்துறை பயிலும் இருபாலார்க்கும் உரியதாதல் வேண்டுமெனப் பிரேரேபிக்கிறோம்.