மனநல ஆலோசகர்: நம் பிள்ளைகள் கற்க வேண்டிய தொழில்

(கெடா மாநிலத் தோட்டப்புற மக்களுக்காக நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பால் மரம் வெட்டும்போது கத்தி கையில் பட்டுவிட்டால், நாம் துணியைச் சுற்றிக்கொண்டு உடனே மருந்தகத்திற்கு விரைகிறோம். மனத்தில் காயம் பட்டவருக்கு என்ன செய்கிறோம்? இரவெல்லாம் உறங்காது புரள்பவரையும், பிள்ளை பெற்ற பின் ஓயாது அழும் இளந்தாயையும் கண்டால், கிரகக் கோளாறு என்கிறோம். காற்றுக் கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டுகிறோம். வழிபாட்டை நாம் குறைகூறவில்லை. அது ஆறுதல் தருவதே. அதனோடு நின்றுவிடுவதுதான் கேடு.

நம் அச்சத்திற்கும் காரணம் உண்டு. பேராக் மாநிலத்துத் தஞ்சோங் ரம்புத்தானில் 1911-ஆம் ஆண்டில் மனநோய் மருத்துவமனை தொடங்கப்பெற்றது. நாளடைவில் அவ்வூரின் பெயரே வசைச்சொல்லாயிற்று. பின்னாளில் அம்மருத்துவமனைக்கு மகிழ்ச்சி எனப் பொருள்படும் ‘பஹாகியா’ என்னும் பெயர் சூட்டப்பெற்றும் வசை மறையவில்லை. தற்கொலை முயற்சியும் 2023-ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பெறும் வரை குற்றமாகவே கருதப்பட்டு வந்தது. உதவி தேட வேண்டிய குடும்பங்கள் வழக்குக்கு அஞ்சி வாய்மூடி இருந்தன. இன்று அந்த அச்சம் தேவையில்லை. சுகாதார அமைச்சு 2022-ஆம் ஆண்டில் தொடங்கிய 15555 என்னும் தொலைபேசி எண்ணில் மன உளைச்சலைச் சொல்லி உதவி கேட்கலாம்.

மனநல மருத்துவர் என்பவர் வேறு, ஆலோசகர் என்பவர் வேறு. முன்னவர் மருத்துவப் பட்டம் பெற்றவர். மருந்து எழுதித் தருபவர். ஆலோசகர் மருந்து தருவதில்லை. துன்புற்றவர் பேசுவதை முறையாகக் கேட்டு, அவரே தம் வழியைக் காணத் துணை நிற்பவர் அவர். ‘இதற்கு எதற்குப் படிப்பு? நம் தண்டல் சொல்லாத புத்திமதியா?’ என்று சிலர் நகைக்கலாம். புத்திமதி சொல்வது ஆலோசகரின் வேலையன்று. மேலும், லயத்தில் ஒரு வீட்டில் சொன்ன செய்தி மறுநாள் பிரட்டுக்களம் வரை போய்விடுவதை நாம் அறிவோம். ஆலோசகரோ கேட்டதை இரகசியமாகக் காக்கக் கடமைப்பட்டவர்.

மலேசியாவில் இத்தொழிலை நெறிப்படுத்துவது 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டமாகும். லெம்பாகா கவுன்சலர் என்னும் வாரியத்தில் பதிவு பெறாமல் ஆலோசகர் எனத் தம்மைக் கூறிக்கொண்டு தொழில் செய்வது தண்டனைக்குரிய குற்றம். பதிவோடு, தொழில் புரிவதற்கான சான்றிதழும் வேண்டும். அதனைக் காலந்தோறும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

இத்துறையில் இளங்கலைப் பட்டம் பெற்றோரும் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். வேறு துறையில் பட்டம் பெற்ற ஆசிரியர் போன்றோர்க்கு முதுகலைப் படிப்பே வாயில். மலாயாப் பல்கலைக்கழகத்தில் மட்டுமன்றி, நம் கெடாவிலேயே, சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்திலும் இக்கல்வி உண்டு. 1984-இல் நிறுவப்பெற்ற அப்பல்கலைக்கழகத்திற்குச் சுங்கைப்பட்டாணியிலிருந்தோ கூலிமிலிருந்தோ கோலாலம்பூர் வரை போகாமலே நம் பிள்ளைகள் செல்லலாம்.

இப்படிப்பு ஏட்டுப்படிப்பன்று. மாணவர் பயிற்சிக் காலத்தில் துன்புற்றோரை நேரில் சந்திக்கின்றார். தாம் பேசியதையும், பேசாமல் இருக்க வேண்டிய இடத்தில் குறுக்கிட்டதையும் மேற்பார்வையாளர் எடுத்துக்காட்டத் திருத்திக்கொள்கின்றார். பிறர் அழும்போது, தேற்றுகிறேன் என்று அவசரப்படாமல் இருப்பதற்கே பல மாதப் பழக்கம் வேண்டும்.

மறுவாழ்வுப் பணியையும் இங்கே குறிப்பிட வேண்டும். இரப்பர் ஆலையில் விரல்களை இழந்த தொழிலாளிக்குச் சொக்சோ ஈட்டுத்தொகை தருகிறது. 2007-ஆம் ஆண்டு முதல், மீண்டும் வேலைக்குத் திரும்பும் திட்டத்தையும் அது நடத்தி வருகிறது. ஆனால், ‘இனி நான் எதற்கும் உதவாதவன்’ என்று சுவரை நோக்கி அமர்ந்திருப்பவருக்குப் பணம் மட்டும் போதுமா? வேறு வேலை பழகுமுன் அவர் தம் இழப்பைப் பேசித் தீர்க்க வேண்டும். அதைத் தமிழில்தான் அவரால் பேச முடியும். தேசிய மொழியை நன்கறிந்தவர்கூட, துக்கத்தைத் தாய்மொழியிலேயே சொல்கிறார். நம் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபின் பட்டண அடுக்குமாடிகளில் சிதறிப்போன முதியவர்களின் நிலையும் இதுவே. அவர்களுக்குத் தமிழறிந்த ஆலோசகர்கள் வேண்டும். அவர்கள் நம் வீடுகளிலிருந்துதான் வர வேண்டும்.

செலவைப் பற்றிப் பெற்றோர் கேட்பது நியாயமே. பிள்ளையின் உயர்கல்விக்காக ஊழியர் சேமநிதியிலிருந்து, விதிகளுக்குட்பட்டுப் பணம் எடுக்கலாம். எனினும், அது முதுமைக்கான சோறு. முழுவதையும் எடுத்துவிடுவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். வேலை செய்துகொண்டே பகுதி நேரமாகப் படிக்க இயலுமா என்பதை முதலில் விசாரிப்பது நலம்.

இன்னுமொன்று. ஆலோசனைக் கல்வி என்ற பெயரில் குறுகிய காலச் சான்றிதழ் வகுப்புகளும் நடத்தப்படுகின்றன. அவற்றால் அறிவு பெருகலாம், பதிவு கிடைக்காது. உளவியல் பட்டம் ஒன்றே பெற்றவரும் அதனாலேயே ஆலோசகர் ஆகிவிடுவதில்லை. ஆகவே, கட்டணம் செலுத்துமுன், அப்படிப்பை லெம்பாகா கவுன்சலர் அங்கீகரித்துள்ளதா என்று அவ்வாரியத்திடமே எழுத்து மூலம் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.