சொல்லாமல் கதவைத் திறக்க வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை

(கோவை சிங்காநல்லூரில் லைன் வீடுகளில் குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



சென்ற வாரம் இந்த லைனில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நம் தோழர் ஒருவர் நைட் ஷிப்டு முடிந்து வந்து படுத்திருக்கிறார். தூக்கம் கெடக்கூடாதென்று மனைவி வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். வீட்டுக்காரர் தம்மிடமிருந்த மாற்றுச் சாவியைப் போட்டுத் திறந்தார். புதிதாகக் குடிவர விரும்பும் இரண்டு பேரை உள்ளே அழைத்து வந்து அடுப்படி வரை காட்டினார். "என்னங்க இது?" என்று தோழர் எழுந்து கேட்டதற்கு, "என் வீட்டுக்குள் வர உன்னிடம் சொல்லவேண்டுமா?" என்றார்.

சொல்லத்தான் வேண்டும். எழுத்தில் சொல்லவேண்டும். இது நான் சொல்லுவதல்ல, சட்டம் சொல்லுகிறது.

1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டு இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமுலுக்கு வந்தது. அது என்ன சொல்லுகிறது? வீட்டுக்காரர் உள்ளே வரவேண்டுமானால், குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக எழுத்து மூலம் நோட்டீஸ் தரவேண்டும். என்ன காரியம், எந்த நாள், எத்தனை மணி என்று அதில் இருக்கவேண்டும். அந்த நேரமும் காலை 7 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடைப்பட்டதாக இருக்கவேண்டும்.

காரியம் எதுவாகவும் இருக்கலாமா? கூடாது. பழுது பார்க்க வரலாம். வீடு குடியிருக்கத் தகுந்த நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வரலாம். வேறு நியாயமான காரணம் என்றால், அது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கவேண்டும். எனவே கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். படிக்கத் தெரியாதவர் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். "எப்போது வேண்டுமானாலும் வருவேன்" என்று ஒரு வரி இருந்தால், அதை அடிக்கச் சொல்லுங்கள்.

நம்முடைய கடமையும் உண்டு. முறைப்படி நோட்டீஸ் கொடுத்துக் கூரை மாற்ற வந்தால் தடுக்காதீர்கள். ஒழுகுகிற கூரையின் கீழ் படுப்பவர்கள் நாம்தானே! நைட் ஷிப்டு என்றால், "மாலையில் வாருங்கள்" என்று அதே தாளின் பின்புறம் எழுதிக் கொடுங்கள். தீப்பிடித்தால் நோட்டீஸ் கேட்டு நிற்காதீர்கள்.

இன்னொன்று. அத்துமீறி நுழைவதைக் குற்றமாக்கும் சட்டம், வீடு யாருக்குச் சொந்தம் என்று பார்ப்பதில்லை. யார் வசம் இருக்கிறது என்றுதான் பார்க்கிறது. மிரட்டவோ அவமானப்படுத்தவோ நுழைந்தால், சொந்தக்காரரானாலும் அது குற்றமே. பத்திரம் அவருடையது, வாடகை கொடுத்து வாழ்கிற வரை வீடு நம் வசம் இருக்கிறது.

உங்களில் பலருடைய அப்பனும் பாட்டனும் பண்ணை நிலத்தில் குடிசை போட்டு இருந்தவர்கள். காரியக்காரர் நினைத்தபோது குடிசைக்குள் தலையை நீட்டுவார். ஏன் என்று கேட்டால் "குடிசையைப் பிரி" என்பார். 1971ஆம் ஆண்டு குடியிருப்புச் சட்டம் வந்த பிறகுதான், அப்படிக் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தம் என்றாயிற்று. ஆனால் சட்டம் வந்த மறுநாளே காரியக்காரர் திருந்திவிடவில்லை. கேட்க ஆள் இருந்த ஊரில்தான் பட்டா வந்தது.

இந்தப் புதுச் சட்டத்திலும் ஒரு முள் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இல்லை என்பதையே காரணமாகக் காட்டி, நம்மைக் காலி செய்யும்படி கேட்க அதில் இடம் வைத்திருக்கிறார்கள். ஆகவே வாய்ப்பேச்சில் இருக்காதீர்கள். ஒப்பந்தம் எழுதுங்கள், பதிவு செய்யக் கேளுங்கள், மாதாமாதம் வாடகைக்கு ரசீது வாங்குங்கள். எதிர்த்துக் கேட்டதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால், அதுவும் சட்ட விரோதம். வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுங்கள்.

ஒருவர் தனியாகப் போய்க் கேட்டால், "அடுத்த மாதம் காலி செய்" என்பார். லைன் முழுவதும் சேர்ந்து கேட்டால் யாரைக் காலி செய்யச் சொல்லுவார்? நாளை ஞாயிற்றுக்கிழமை. எல்லா வீட்டாரும் கையெழுத்திட்டு ஒரே கடிதம் கொடுப்போம்: "ஐயா, வாருங்கள், ஆனால் முதல் நாளே எழுதிச் சொல்லிவிட்டு வாருங்கள்."

நாம் கேட்பது இவ்வளவுதான். இதற்குக் குறைந்து ஒத்துக்கொள்ளவும் வேண்டாம்.