மாலைக்கண்ணும் கொல்லை முருங்கையும்



வழக்கமாக உங்களிடம் விதை, உரம், பூச்சி மருந்து பற்றித்தான் பேசுவேன். இன்றைக்கு மனிதருக்கு வரும் ஒரு பற்றாக்குறை நோயைப் பற்றிப் பேசப் போகிறேன். "ஏன் சார், இது டாக்டர் பேச வேண்டிய பேச்சு இல்லீங்களா?" என்று கேட்பீர்கள். மருந்து எழுதுவது டாக்டர் வேலைதான். ஆனால் இந்த நோய்க்கு வேண்டிய பொருள் விளைவது உங்கள் கொல்லையில். அதனால்தான் நான் பேச வந்தேன்.

நிலக்கடலைச் செடியில் இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் என்ன செய்கிறீர்கள்? இரும்புச் சத்துக் குறைவு என்று கண்டுகொள்கிறீர்கள். லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் அன்னபேதி உப்பு கலந்து தெளிக்கிறீர்கள். செடி வாய் திறந்து பேசாது. ஆனாலும் இலையைப் பார்த்தே அதன் பசியைப் படித்துவிடுகிறீர்கள். அதே கவனம் வீட்டிலுள்ள பெண்டு பிள்ளைகள் மீது இருக்கிறதா? இதுதான் இன்றைய கேள்வி.

மாலைக்கண் என்பது உங்களுக்குத் தெரிந்த பெயர்தான். பகலெல்லாம் கண் நன்றாகத் தெரியும். பொழுது சாய்ந்து விளக்கு வைக்கிற நேரத்தில் மட்டும் பார்வை மங்கும். பிள்ளை வாசற்படியில் இடறும். தட்டில் இருக்கும் சோற்றைக் கையால் துழாவும். மற்ற பிள்ளைகள் தெருவில் ஓடி விளையாடும்போது இது மட்டும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். "சோம்பேறிப் புள்ள", "பயந்தாங்கொள்ளி" என்று பெயர் வைத்துவிடுகிறோம். அது பயமல்ல. வைட்டமின் 'ஏ' என்ற சத்து அதன் உடம்பில் தீர்ந்து போயிருக்கிறது.

நம் கண்ணின் உள்ளே விழித்திரை என்று ஒன்று உண்டு. மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதற்கு அங்கே ஒருவகை நிறப்பொருள் வேண்டும். அதைச் செய்ய வைட்டமின் 'ஏ' வேண்டும். இந்தச் சத்தை உடம்பு ஈரலில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. குதிரில் நெல் இருப்பது போல. வரவு குறைந்தாலும் கொஞ்ச காலம் குதிரை வைத்துச் சமாளிக்கலாம். குதிர் காலியான பிறகுதான் மாலைக்கண் வெளியே தெரிகிறது. ஆகவே மாலைக்கண் தெரிகிற நாள் நோய் தொடங்கிய நாள் அல்ல; இருப்பு முடிந்த நாள்.

அப்படியும் கவனிக்காவிட்டால் வெள்ளைவிழி வறண்டு பளபளப்பு போய்விடும். அதன் ஓரத்தில் சோப்பு நுரை காய்ந்தது போல ஒரு திட்டு தோன்றும். அதற்கும் மேலே போனால் கருவிழி குழைந்து புண்ணாகிப் பார்வையே போய்விடும். மாலைக்கண்ணைத் திருப்பிவிடலாம். குழைந்துபோன கருவிழியைத் திருப்ப முடியாது. அம்மை, வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு இருக்கிற கொஞ்சம் சத்தும் விரைவில் தீர்ந்துவிடும். தட்டம்மை இறங்கிய பிறகு கண் போன குழந்தைகளைப் பழைய காலத்தில் ஊருக்கு ஊர் பார்த்திருப்பீர்கள்.

இந்தக் கொடிய நிலை இப்போது நம் பக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டது. தட்டம்மைத் தடுப்பூசியும், சொட்டு மருந்தாகக் கொடுக்கும் வைட்டமின் 'ஏ'யும், சத்துணவும் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் வெளியே தெரியாத குறை இன்னும் இருக்கிறது. 2016 முதல் 2018 வரை இந்தியா முழுவதும் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். 1 முதல் 4 வயது வரை உள்ள குழந்தைகளில் 100க்கு 18 பேருக்கும், 5 முதல் 9 வயது வரை உள்ளவர்களில் 100க்கு 22 பேருக்கும் இந்தச் சத்து குறைவாக இருந்தது.

"கண் மங்கினால் மங்கட்டும், உயிருக்கு ஒன்றுமில்லையே" என்று நினைக்க வேண்டாம். இந்தோனேசியாவில் வேலை பார்த்த ஆல்ஃபிரட் சாமர் என்ற அமெரிக்கக் கண் டாக்டர் 1983ல் ஒரு விஷயத்தை எடுத்துச் சொன்னார். லேசான மாலைக்கண் உள்ள குழந்தைகள்கூட மற்றக் குழந்தைகளைவிட அதிகமாக இறக்கிறார்கள் என்றார். மூச்சுக்குழாய், குடல் இவற்றின் உள்தோலைக் காப்பதும் இதே சத்துதான். அது குறைந்தால் சளிக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் எளிதாக உள்ளே புகுந்துவிடும். வேலி பிரிந்த தோட்டத்தில் மாடு புகுவது போல.

இதை நம் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்தார்கள். மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் அவருடன் வேலை செய்தவர்களும் திருச்சி மாவட்டக் கிராமங்களில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளுக்கு வாராவாரம் மருந்து கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு வைட்டமின் 'ஏ' சேர்ந்தது, மீதிப் பேருக்கு அது சேராதது. 1990ல் முடிவு வெளிவந்தது. வைட்டமின் 'ஏ' பெற்ற குழந்தைகளில் சாவு 54 சதவீதம் குறைந்திருந்தது. வாரம் ஒரு தடவை கொடுத்தது எவ்வளவு தெரியுமா? ஒரு குழந்தை நல்ல சாப்பாட்டிலிருந்தே ஒரு வாரத்தில் பெறக்கூடிய அளவுதான்!

அடுத்த ஆய்வு நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே நடந்தது. நத்தம், கள்ளிமந்தயம் பகுதிகளில் பிறந்த 11,619 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். பிறந்த முதல் இரண்டு நாட்களில் பாதிக் குழந்தைகளுக்கு வைட்டமின் 'ஏ' சொட்டு கொடுத்தார்கள். ஆறு மாதம் வரை கணக்குப் பார்த்தார்கள். 2003ல் வெளிவந்த முடிவில், சொட்டு பெற்ற குழந்தைகளின் சாவு 22 சதவீதம் குறைந்திருந்தது. எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்குப் பலன் அதிகம் தெரிந்தது.

பிற்பாடு ஹரியானாவிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் இதையே செய்து பார்த்தார்கள். அங்கே இந்த அளவு பலன் கிடைக்கவில்லை. அதனால் பிறந்தவுடன் சொட்டு கொடுப்பது வழக்கத்துக்கு வரவில்லை. ஆனால் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள் ஒன்று சொல்கிறார்கள். தாய்க்கு இந்தச் சத்து குறைவாக உள்ள பகுதிகளில் குழந்தைக்குப் பலன் தெரிகிறது என்கிறார்கள். விவசாயிக்கு இது புரியாத கணக்கல்ல. சத்துள்ள நிலத்தில் உரம் போட்டால் மகசூல் ஏறாது. சத்துக் குறைந்த நிலத்தில் போட்டால் ஏறும். அப்படியானால் நத்தத்திலும் கள்ளிமந்தயத்திலும் பலன் தெரிந்தது எதைக் காட்டுகிறது? அந்தத் தாய்மார்களின் குதிர் காலியாக இருந்திருக்கிறது என்பதைத்தான்.

குழந்தையின் குறை தாயின் தட்டில் தொடங்குகிறது. நான் இன்று சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான்.

ஏழாம் மாதம், எட்டாம் மாதம் ஆன பெண், "பொழுது சாஞ்சா கண்ணு தெரிய மாட்டேங்குது" என்பாள். "புள்ளத்தாச்சிக்கு அப்படித்தான் இருக்கும், பெத்தா சரியாப் போயிடும்" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் சரியாகவும் போய்விடும். அதனால்தான் யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் அந்தத் தாயிடம் குழந்தைக்குக் கொடுக்க இருப்பு இல்லை. பிறக்கிற குழந்தையும் காலிக் குதிரோடு வருகிறது. தாய்ப்பாலிலும் சத்து குறைகிறது. ஆகவே அதைக் கர்ப்பத்தின் இயல்பு என்று தள்ளாதீர்கள். உடனே கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள்.

நம் வீடுகளில் யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள்? ஆண்களுக்குப் பரிமாறி, பிள்ளைகளுக்குப் போட்டு, பானையில் மிஞ்சிய சோறும் அடிக் குழம்பும் அவளுக்கு. தீட்டிய வெள்ளை அரிசியில் வைட்டமின் 'ஏ' துளியும் கிடையாது. வயிறு நிறையும், குதிர் நிறையாது.

இப்போது நம் கொல்லைக்கு வருவோம். நான் குடியிருக்கும் பேகம்பூருக்கு விடிகாலையில் சுற்றுக் கிராமங்களிலிருந்து முருங்கைக் கீரையும் அகத்திக் கீரையும் தலைச்சுமையாக வரும். கொண்டுவருகிற அம்மாவிடம், "வீட்டுக்குக் கொஞ்சம் வச்சிட்டு வந்தீங்களாம்மா?" என்று கேட்டேன். "அட போங்க சார், கீரையை யாரு திங்கிறா? வித்தாத்தான் காசு" என்றார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போகிறது. விற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விற்றால்தான் பிழைப்பு. ஆனால் விதைநெல்லை விற்காமல் எடுத்து வைக்கிறோம் அல்லவா? அதுபோல வீட்டுக்கு ஒரு பிடி கீரையை முதலில் எடுத்து வையுங்கள் என்கிறேன்.

முருங்கைக் கீரை, பொன்னாங்கண்ணி, அகத்தி, முளைக்கீரை, கறிவேப்பிலை எல்லாவற்றிலும் கரோட்டீன் என்ற பொருள் இருக்கிறது. உடம்பு அதை வைட்டமின் 'ஏ'யாக மாற்றிக்கொள்ளும். மாம்பழம், பப்பாளி, பரங்கிக்காய், கேரட் ஆகியவற்றின் மஞ்சள் நிறமும் அதுவே. முட்டையின் மஞ்சள் கரு, பால், நெய், ஆட்டு ஈரல் ஆகியவற்றில் வைட்டமின் 'ஏ' நேராகவே இருக்கிறது. மாலைக்கண்ணுக்கு ஈரல் வாங்கிக் கொடுத்த பாட்டியின் கைவைத்தியம் வீண் அல்ல. ஒரு எச்சரிக்கை: கர்ப்பிணிகள் ஈரலை அடிக்கடி சாப்பிட வேண்டாம், டாக்டர் சொல்லாமல் வைட்டமின் 'ஏ' மாத்திரையும் போட வேண்டாம். அளவு மீறினால் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல். கீரையிலும் பழத்திலும் அந்தப் பயம் இல்லை.

சமைக்கும் முறையிலும் சூட்சுமம் உண்டு. கரோட்டீன் எண்ணெயோடு சேர்ந்தால்தான் குடல் அதை வாங்கும். வெறும் தண்ணீரில் வெந்த கீரையில் பாதிப் பலன் போய்விடும். ஒரு கரண்டி நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ விட்டு, தேங்காய்ப் பூ போட்டு வதக்குங்கள். கூடவே பருப்பு சேருங்கள். ஈரலில் உள்ள சத்தை ரத்தத்தில் ஏற்றிச் செல்வது ஒரு புரதம். மூட்டை இருந்தும் வண்டி இல்லாவிட்டால் சரக்கு ஊர் போய்ச் சேருமா? கீரையைப் பொடியாக்கி வைப்பதானால் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காய்ந்தால் கரோட்டீன் அழிந்துவிடும். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குப் பருப்புச் சோற்றில் நெய் விட்டு, மசித்த கீரையை ஒரு கரண்டி சேர்த்துக் குழைத்து ஊட்டத் தொடங்கலாம்.

முருங்கை வளர்ப்பது பற்றி உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய மரமுருங்கை என்றால் ஒரு போத்து வெட்டி நட்டால் போதும். விதை முருங்கை வேண்டுமானால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989ல் வெளியிட்ட பி.கே.எம். 1 இருக்கிறது. செடி இடுப்பளவு வருமுன், சுமார் இரண்டரை அடியில், நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்துக் கீரை நிறையக் கிடைக்கும். பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற வழியில் ஒரு பப்பாளி வையுங்கள். குப்பைமேட்டில் நாலு பரங்கி விதை ஊன்றுங்கள். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வந்ததென்று மரத்தையே வெட்டிவிடாதீர்கள். அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும்போதே அழித்துவிடலாம். மருந்து அடித்த மரத்துக் கீரையை வீட்டுக்குப் பறிக்காதீர்கள்.

இன்னொன்று. கன்று ஈன்றதும் அரை மணிக்குள் சீம்பால் ஊட்ட வேண்டும் என்பது உங்களுக்கு மனப்பாடம். அந்தக் கவனம் நம் வீட்டுக் குழந்தைக்கும் வேண்டாமா? பிரசவமானதும் சுரக்கும் மஞ்சள் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுகிற வீடுகள் இன்னும் உண்டு. அந்த மஞ்சள் நிறமே கரோட்டீன்தான். காலிக் குதிரோடு பிறந்த பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் வரவு அது.

கடைசியாகச் சொட்டு மருந்து. 9 மாதத்தில் தடுப்பூசியோடு ஒரு லட்சம் யூனிட் கொடுப்பார்கள். பிறகு ஒன்றரை வயதிலிருந்து 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு லட்சம் யூனிட். மொத்தம் 9 தடவை. களையெடுப்பு, கதிரறுப்பு என்று அந்த நாளைத் தவறவிடாதீர்கள். போட்ட தேதியை அட்டையில் எழுதி வாங்குங்கள். ஒரே தவணையை இரண்டு இடத்தில் வாங்கவும் வேண்டாம். மருந்து அவசரத்துக்குப் போடும் மேலுரம். கீரையும் பழமும்தான் அடியுரம். அடியுரம் இல்லாமல் மேலுரத்தை மட்டும் நம்பி எந்த விவசாயி வெள்ளாமை வைப்பார்?

ஆகவே பெருமக்களே, நாளைக்கு அந்தி நேரத்தில் வயலிலிருந்து திரும்பியதும் வாசலில் கொஞ்சம் உட்காருங்கள். பிள்ளை தட்டுத் தடுமாறாமல் நடக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரம்மாவிடம், "இருட்டுனா கண்ணு நல்லாத் தெரியுதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் தட்டில் இன்று கீரை விழுந்ததா என்றும் கேளுங்கள். தெரியவில்லை என்று பதில் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். பயிரின் இலையைப் படிக்கத் தெரிந்த உங்களுக்கு இது பெரிய காரியமல்ல.